நம்ம ஊர் ஈரத்தில் சமையலறைக் கதவுக்கு வாட்டர் பேஸ் பெயிண்ட் ஸ்ப்ரே செய்தால் நிற்குமா?

கருங்கல்காரி

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் வீடு. சமையலறை அலமாரிக் கதவுகள் (ஷட்டர்கள்) அயனி மரச் சட்டம் போட்டு நடுவில் பிளைவுட் பலகை வைத்துச் செய்தவை. மேலே அடித்திருப்பது வார்னிஷா, மெலமைன் என்னும் கெட்டியான மரப் பூச்சா என்று தெரியவில்லை. அடுப்புக்கு மேலே இருக்கும் கதவுகள் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கருத்துவிட்டன. பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கிறது. மரம் உறுதியாக இருப்பதால் கழற்றி எறிய மனமில்லை. இளம் வெள்ளை அடித்துவிடலாம் என்று ஆசை.

வந்து பார்த்த பெயிண்டர், தின்னர் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்தான் நிற்கும், வாட்டர் பேஸ் எல்லாம் சுவருக்குத்தான் என்று சொல்லிவிட்டார். மாமியாருக்கு இழுப்பு உண்டு. பக்கத்து வீட்டில் டூக்கோ என்னும் தின்னர் பெயிண்ட் அடித்தபோதே அந்த வாடையில் அவரால் வீட்டில் இருக்க முடியாமல், நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அதனால்தான் வாட்டர் பேஸ் யோசனை.

தம்பி டயர் கடை வைத்திருக்கிறான். கன் மட்டும் வாங்கித் தந்தால் அங்கே இருக்கும் கம்ப்ரசரில் அவனே ஸ்ப்ரே செய்து தருகிறேன் என்கிறான். பிரஷ் தடம் தெரியாமல் வழவழவென்று வர வேண்டும், தினமும் துடைத்தாலும் போகக்கூடாது. நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் இது சரிப்படுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குழித்துறை ஆசாரி

தங்கச்சி, பெயிண்டுக்குப் போகுமுன் மரத்தைப் பார்க்கணும். அயனியும் பலாவும் ஒரே இனம். இரண்டின் வைரத்திலும், அதாவது கெட்டியான நடுமரத்திலும், சாயம் இருக்கிறது. புத்த பிக்குகளின் உடைக்குப் பலா வைரத்தைக் கொதிக்கவைத்துத்தான் சாயம் எடுத்தார்கள். வெறும் அயனி மேல் வாட்டர் பேஸ் பிரைமரை நேராக அடித்தால் அதிலுள்ள தண்ணீர் இந்தச் சாயத்தைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டு வரும். அடுத்த கோட்டில் மறைந்தது போலத் தெரியும். மழைக்காலம் வந்ததும் சட்டத்தின் மூட்டுகளில் பழுப்புக் கறையாக எட்டிப் பார்க்கும். மூட்டில்தான் மரத்தின் குறுக்கு முனை இருக்கிறது, ஈரத்தை அதிகம் குடிப்பதும் அதுதான். அப்புறம் எத்தனை கோட் வெள்ளை ஏற்றினாலும் பயனில்லை.

இதை நிறுத்துவது அரக்கு. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, அசைக்காமல் சில நாள் வையுங்கள். மெழுகு அடியில் வெள்ளையாகத் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்து எடுங்கள். மெழுகோடு அடித்தால் அதன் மேல் வாட்டர் பேஸ் பிடிக்காது. மெல்லியதாக இரண்டு கோட், மூட்டுகளிலும் விளிம்புகளிலும் இன்னொரு கை. காற்றோட்டமான இடத்தில், அடுப்போ சாமி விளக்கோ பக்கத்தில் எரியாமல் பார்த்துச் செய்யுங்கள். ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும்.

தேக்கு, மகாகனி வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். ரப்பர் மரத்தில் இந்தக் கறைத் தொல்லை குறைவு.

இன்னொன்று, சிங்குக்குக் கீழே இருக்கும் கதவின் பிளைவுட்டைத் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறிக் கேட்டாலோ விளிம்பு உப்பியிருந்தாலோ பெயிண்ட் அடித்து ஒப்பேற்ற முடியாது. ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளையில் அந்தப் பலகையை மட்டும் மாற்றிவிடுங்கள்.

கோட்டாறு பெயிண்டர்

உங்களிடம் பெயிண்டர் சொன்னது தொழில் தெரிந்தவர் சொல்லும் வார்த்தைதான் அக்கா. நானும் அதையே சொல்வேன். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் தின்னர் பியூ மறுநாளே நகம் பதியாத அளவுக்கு இறுகிவிடும். வாட்டர் பேஸ் அடித்த வீடுகளில் கைப்பிடியைச் சுற்றி பெயிண்ட் இளகி, அழுக்கு அதற்குள்ளேயே ஏறிக் கருத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு வீட்டில் சிங்க் கதவின் கீழ் விளிம்பிலிருந்து பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. நகத்தால் நெம்பி இழுத்தால் முழு நீளத்துக்கும் வருகிறது. அதைச் சுரண்டிவிட்டு மறுபடி செய்து கொடுத்தது நான்தான். விலை கொடுத்துச் செய்கிற வேலை நிற்க வேண்டாமா?

பார்வதிபுரம் பாலிஷ்

அண்ணாச்சி பார்த்தது உண்மை. ஆனால் ஏன் அப்படி ஆனது என்பதையும் பேச வேண்டும். அது தெரியாமல் வாட்டர் பேஸ் வேண்டாம் என்று ஒதுக்கினால், இழுப்பு இருக்கும் வீடுகளுக்கு வேறு வழியே இல்லாமல் போகும்.

வாட்டர் பேஸ் பெயிண்டில் பிசின் கரைந்து இருப்பதில்லை. நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. அடித்ததும் தண்ணீர் ஆவியாகிறது, துளிகள் நெருங்கி ஒன்றோடொன்று அழுந்தி, உருகி ஒட்டிப் படலமாகின்றன. காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் தண்ணீர் போக நேரமாகும். டப்பாவில் "2 மணி நேரத்தில் அடுத்த கோட்" என்று போட்டிருப்பது ஏறக்குறைய 25 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக்கு. மழை நாளில் நமக்கு ஈரப்பதம் 80-ஐத் தாண்டும். அந்தக் கணக்கை இங்கே அப்படியே வைத்து அடுக்கினால் கீழ்க் கோட்டின் தண்ணீர் வெளியேறுமுன் மேல் கோட் மூடிவிடும். உள்ளே மெத்தென்று இருக்கும், பிடிப்பு வராது. அண்ணாச்சி இழுத்த தோல் இப்படி வந்ததாகவும் இருக்கலாம், அடியில் எண்ணெய் போகாமல் அடித்ததாகவும் இருக்கலாம்.

கைப்பிடி கருத்தது வேறு காரணம். கையின் எண்ணெயும் வியர்வையும் சாதாரண அக்ரிலிக்கை மெல்ல இளக்கும். சுவர் எமல்ஷனையோ அதன் பளபளப்பான தம்பியையோ கதவுக்கு அடித்தால் இதுதான் நடக்கும். வாங்கும்போது டப்பாவில் மரச்சாமான், கிச்சன் கேபினட் என்று தெளிவாக எழுதியிருக்கும் வாட்டர் பேஸ் பியூ அல்லது அக்ரிலிக் பியூ கலவையைத்தான் வாங்க வேண்டும்.

அதிலும் இரண்டு வகை. ஒற்றைப் பாகம், அப்படியே அடிக்கலாம். இரண்டு பாகம், ஹார்டனர் கலக்க வேண்டும். இரண்டாவது அதிக வலு. ஒரு வாரத்தில் பெரும்பாலும் இறுகிவிடும். ஆனால் அந்த ஹார்டனர் ஐசோசயனேட், தின்னர் பியூவில் கலப்பதன் அதே குடும்பம். தண்ணீரில் கலந்து அடிப்பதால் அதன் ஆபத்து போய்விடாது. ஸ்ப்ரே புகையாக மூச்சில் போனால் ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது, ஏற்கெனவே இழுப்பு உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க்கும் தனி ஸ்ப்ரே அறையும் உள்ள பட்டறையில் மட்டும்தான் அதை அடிக்க வேண்டும். வீட்டு வேலைக்கு ஒற்றைப் பாகமே போதும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, பொறுமை. தொட்டால் ஒட்டாத நிலை அன்றைக்கே வந்துவிடும். முழுதாக இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும், ஈர நாட்களில் அதற்கு மேலும். அதற்குள் ஈரத்துணி போட்டு அழுத்தித் துடைத்து, கதவை அறைந்து சாத்தி, சூடான குக்கரைச் சாய்த்து வைத்தால் அந்த இடம் வாழ்நாளுக்கும் பலவீனம்.

கருங்கல்காரி

எவ்வளவு விவரம், நன்றி. பழைய பூச்சு என்ன என்று கண்டுபிடிக்க வழி உண்டா? கம்ப்ரசர் 3 ஹெச்பி என்று தம்பி சொல்கிறான்.

குழித்துறை ஆசாரி

கதவின் பின்பக்கம் மூலையில், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேயுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் வந்தால் பழைய அரக்குப் பாலிஷ். அசையவில்லையென்றால் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் கொஞ்சம் வைத்துப் பாருங்கள். கரைந்து இளகினால் என்சி லாக்கர், சுருங்கிக் கொப்பளித்தால் எண்ணெய் வார்னிஷ், ஒன்றுமே ஆகவில்லையென்றால் மெலமைன் அல்லது பியூ. கடைசி வகை என்றால் நல்லது. உரியாமல் கெட்டியாகப் பிடித்திருந்தால் சுரண்ட வேண்டாம். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பை எடுத்துவிட்டு அதன் மேலேயே அரக்கு, பிரைமர் என்று போகலாம்.

அல்கோபர் ரிட்டர்ன்

சவுதியில் பர்னிச்சர் கம்பெனி ஸ்ப்ரே லைனில் இருந்தவன், இப்போது மார்த்தாண்டம். கன் விஷயம் நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று: டயர் கடையில் வைத்து அடிக்கவே அடிக்காதீர்கள். டயருக்குப் பளபளப்பு ஏற்றும் பாலிஷில் சிலிக்கான் உண்டு. அது அந்தக் கடையின் காற்றிலும் துணியிலும் தரையிலும் இருக்கும். கதவின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு பட்டாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டமாக விலகி நிற்கும், குழிக்கு நடுவே அடி பிரைமர் தெரியும். பட்டறையில் ஃபிஷ் ஐ என்போம். ஒன்று வந்துவிட்டால் மேலே அடித்து மூட முடியாது. காய்ந்தபின் தேய்த்துத் துடைத்து முதலிலிருந்து வர வேண்டும்.

கம்ப்ரசரை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பழைய கம்ப்ரசர் எண்ணெயையும் காற்றோடு தள்ளும். புது ஹோஸ் போட்டு, எண்ணெயும் தண்ணீரும் பிடிக்கும் ஃபில்டரைக் கன்னுக்கு முன்னால் மாட்டுங்கள். அடிக்குமுன் வெள்ளைத் தாளில் வெறும் காற்றை ஊதிப் பாருங்கள். தாளில் புள்ளி விழுந்தால் ஆரம்பிக்காதீர்கள். டேங்கின் அடி வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரையும் அவ்வப்போது விட வேண்டும். நம் ஊர்க் காற்றில் அது நிறையவே சேரும்.

ஹெச்விஎல்பி கன் (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) என்றால் பெரும்பாலும் 10 சிஎஃப்எம்முக்கு, அதாவது நிமிடத்துக்கு 10 கன அடிக்கு, மேல் காற்று கேட்கும். 3 ஹெச்பி அதற்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். டேங்க் அழுத்தம் இறங்கினால் நிறுத்தி ஏறவிட்டு அடியுங்கள். சின்ன கம்ப்ரசர் மட்டும் இருப்பவர்கள் எல்விஎல்பி கன் (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) வாங்கலாம், அது ஏறக்குறைய பாதிக் காற்றில் ஓடும். உள்வழியும் ஊசியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் துருப்பிடித்து வெள்ளையில் பழுப்புத் துகள் விழும். மேல் கோட்டுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில், பிரைமருக்கு 1.8.

பெயிண்டை நைலான் வலையில் வடிகட்டாமல் கப்பில் ஊற்றாதீர்கள். தண்ணீர் 5 சதவீதத்தில் தொடங்கி அட்டையில் அடித்துப் பாருங்கள். 10-ஐத் தாண்டுமுன் டப்பா என்ன சொல்கிறது என்று படியுங்கள். அதிகம் கலந்தால் செங்குத்தான இடத்தில் வடியும், மூடும் திறனும் போய்விடும். போதாமல் போனால் ஆரஞ்சுத் தோல் போலப் பொரிப்பொரியாக நிற்கும்.

கதவுகளைக் கழற்றிப் படுக்கவைத்து அடியுங்கள். ஒவ்வொரு கதவின் கீல் குழிக்குள்ளும் எண் எழுதி அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். பலகையில் ஆணி அடித்து முனைமேல் கதவை நிறுத்தினால் பின்பக்கம் அடித்து, இறுகியபின் திருப்பி முன்பக்கம் அடிக்கலாம். கடைசிக் கோட் முன்பக்கத்துக்கு. கன் 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், மணிக்கட்டைச் சுழற்றாமல் கை முழுவதையும் நகர்த்துங்கள். விளிம்பு தாண்டி வெளியே போனபின் டிரிக்கரை விடுங்கள். முந்தைய பட்டையின் பாதியை அடுத்தது மூடணும். முதலில் விளிம்புகள், அப்புறம் சட்டத்தின் உள்மூலை, கடைசியில் தட்டையான பரப்பு.

ஒரு கோட் ஈரமாக 100 மைக்ரான் அளவு. ஈரப் பூச்சின் தடிமனை அளக்கும் சீப்பு விலை குறைவு, வாங்கிவிடுங்கள். அதில் ஏறக்குறைய 35, 40 மைக்ரான்தான் காய்ந்து நிற்கும், மீதி தண்ணீராகப் போய்விடும். ஒரே கோட்டில் மூட நினைத்துத் தடிமனாகக் கொட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு.

கோட்டாறு பெயிண்டர்

டயர் பாலிஷ் விஷயம் நல்லது சொன்னீர்கள். சமையலறையிலேயே அதற்கு நிகரான எதிரி இருக்கிறது, மீன் பொரித்த எண்ணெய். உப்புத்தாள் போட்டுவிட்டால் பிசுக்கு போய்விடும் என்று பசங்கள் நினைக்கிறார்கள். தாள் அதை மரத்துக்குள் தேய்த்துவிடும். முதலில் வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீரில் இருமுறை துடைத்து, காயவிட்டு, அதன் பிறகே 180, 220 தாள். கையுறை போடுங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 320. ஸ்டீல் வூல் கூடவே கூடாது, ஒட்டிக்கொள்ளும் இழை வாட்டர் பேஸுக்கு அடியில் துருப்பிடிக்கும்.

என் பேச்சில் மாற்றமில்லை, அவசர வேலைக்கும் கடைகளுக்கும் தின்னர் பியூதான். ஆனால் வீட்டில் ஆள் இருந்துகொண்டே, இழுப்புக்காரரும் இருந்தால், பார்வதிபுரத்துக்காரர் சொன்னதை ஏற்கிறேன். தின்னர் வேலை எடுப்பவர்களுக்கும் ஒரு சொல்: கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைக்காமல், காற்றோட்டமில்லாத சமையலறைக்குள் ஸ்ப்ரே செய்யாதீர்கள்.

குளச்சல் காற்று

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் காலையில் துடைத்த கண்ணாடி சாயங்காலத்துக்குள் உப்பு பூத்திருக்கும். முட்டம், குளச்சல், ராஜாக்கமங்கலம் எல்லாம் இதேதான். முதல் கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஓர் இரவு இடைவெளி விழுந்தால் அந்தப் படிவின் மேல் அடிக்காதீர்கள். நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்தபின் அடியுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், இரண்டு கோட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் பிடிப்பைக் கெடுக்கும். கீல்களும் 304 ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், பெயிண்ட் நன்றாக இருந்து கீல் துரு வடிந்தால் பார்க்கச் சகிக்காது.

நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரைதான் கொஞ்சம் வறண்ட காலம். இந்த வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வேலை செய்யும் அறையில் மாட்டுங்கள். பனி விலகி காலை 10 மணிக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடித்தால், இருட்டுமுன் தண்ணீர் வெளியேற நேரம் கிடைக்கும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்துக்காரர்களுக்கு ஈரத்தைவிடக் காற்றும் தூசியும்தான் பிரச்சினை. அவர்கள் எல்லாப் பக்கமும் ஷீட் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிக்கணும்.

தக்கலை தாத்தா வீடு

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் பழைய வீட்டு அலமாரிகளில் பச்சை எனாமல் அடுக்கடுக்காக இருக்கிறது. அதையும் தேய்த்து இப்படி அடிக்கலாமா?

பார்வதிபுரம் பாலிஷ்

உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. தேய்க்கும் தூசி குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். ஒன்று அந்த அலமாரியை அப்படியே விடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நனைத்து ஈரமாகவே தேய்த்து, நுண்தூசியைத் தடுக்கும் பி100 மாஸ்க் போட்டு, தேய்த்ததில் வரும் குழம்பை முழுவதும் துடைத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். சூடுகாட்டி உரிக்கவே கூடாது.

கருங்கல்காரி

ஸ்பிரிட்டுக்கும் தின்னருக்கும் அசையவில்லை, மெலமைன்தான் போலிருக்கிறது. அரக்கு வடித்து வைத்தாயிற்று. ஒரு பழைய டிராயர் முகப்பில் அரக்கு, பிரைமர், இளம் வெள்ளை எல்லாம் அடித்து மாதிரிக்கு வைத்திருக்கிறோம். எப்படிச் சோதிப்பது? எனக்குப் பெரிய பயம் மஞ்சள்தான்.

அல்கோபர் ரிட்டர்ன்

அமெரிக்கக் கேபினட் தயாரிப்பாளர் சங்கமான கேசிஎம்ஏவின் ஏ161.1 தரத்தில் ஒரு சோதனை உண்டு. சோப்புக் கரைசலில் ஊறிய ஸ்பாஞ்ச் மேல் கதவின் விளிம்பை 24 மணி நேரம் நிறுத்துவார்கள். கொப்புளமோ உப்பலோ வந்தால் தோல்வி. நீங்களும் தட்டில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீரில் ஸ்பாஞ்ச் வைத்து மாதிரியை நிறுத்துங்கள். சிங்க் கதவின் கதி அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் மாதிரி நன்றாக இறுகியபின்.

பார்வதிபுரம் பாலிஷ்

மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஒரு சொட்டு, புளிக்கரைசல் ஒரு சொட்டு, மீன் குழம்பு ஒரு சொட்டு. ஒரு மணி நேரம் விட்டுத் துடையுங்கள். மஞ்சள் கொஞ்சம் நிற்கத்தான் செய்யும், எந்த வெள்ளைப் பூச்சும் முழுதாகத் தப்பாது. உடனே சோப்புத் தண்ணீர் போட்டால் சிவப்பாக மாறும், பயப்படாதீர்கள். சோப்பின் காரத்தில் மஞ்சள் சிவப்பது இயல்பு. நல்ல தண்ணீரில் துடைத்தால் மறுபடி மஞ்சளாகும். மீந்த கறை வெயில் படும் இடத்தில் தானே வெளுக்கும். கதவு வெயிலுக்கு வராது என்பதால் அடுப்பு ஓரக் கதவுகளுக்கு பளபளப்பில்லாத மேட்டைவிட, பாதிப் பளபளப்புள்ள செமி கிளாஸ் எடுங்கள். சொரசொரப்பு குறைவு, கறை அவ்வளவாகத் தங்காது.

கருங்கல்காரி

மாதிரி தேறிவிட்டது. ஸ்பாஞ்சில் நின்ற விளிம்பு உப்பவில்லை. மஞ்சள் சொட்டு நீங்கள் சொன்னபடியே சிவந்து, பிறகு மங்கிய மஞ்சளாக நின்றது. மாடி வெயிலில் வைத்ததும் போய்விட்டது. மூட்டிலும் பழுப்பு ஏறவில்லை. பொங்கல் கழிந்ததும் கார் ஷெட்டில் ஷீட் கட்டி ஆரம்பிக்கிறோம். தம்பிக்கு மாஸ்க் எது வாங்க?

அல்கோபர் ரிட்டர்ன்

ஒற்றைப் பாகமானாலும் துணி மாஸ்க் போதாது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் அதன் முன்னால் தூசி ஃபில்டரும் உள்ள அரைமுக மாஸ்க். தாடி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஓரம் வழியாக உள்ளே போகும். மாமியாரை அந்த நேரத்தில் ஷெட் பக்கம் வரவிடாதீர்கள். கன்னை முடித்த உடனே தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும், அரை மணி விட்டாலும் உள்ளே இறுகிவிடும். கழுவிய தண்ணீரைக் கிணற்றடியிலோ குளத்திலோ கொட்டாமல் வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கிய பெயிண்டைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

குழித்துறை ஆசாரி

மாட்டும்போது சட்டத்தில் கதவு முட்டும் இடத்தில் ஃபெல்ட் பொட்டு ஒட்டுங்கள், ரப்பர் பொட்டு வேண்டாம். இறுகாத பெயிண்டில் அது ஒட்டிக்கொண்டு தோலைப் பிய்க்கும். முதல் மாதம் கதவுகளை இரவில் ஒரு விரல் திறந்தே வையுங்கள்.

கோட்டாறு பெயிண்டர்

மீந்த பெயிண்டைப் பெரிய டப்பாவில் விடாதீர்கள் அக்கா, பாதி காலியானதில் மேலே ஆடை கட்டும். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வாய் வரை நிரப்பி மூடி, தேதி எழுதி நிழலில் வையுங்கள். பாத்திரம் இடித்துப் பொரிந்த இடத்தில் மரம் தெரிந்தால், 400 தாளில் சுற்றிலும் லேசாக உரசி, அயனி தெரியும் புள்ளிக்கு அரக்கு தொட்டு, காய்ந்தபின் மெல்லிய பிரஷால் இரண்டு முறை தடவினால் போதும். மாட்டி முடித்ததும் படம் போடுங்கள், சிங்க் கதவின் கீழ் விளிம்பை நெருக்கமாக எடுத்து ஒன்று.